திரும்பச் செய்கிற மிஸ்

அந்த மிஸ் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதற்குப் பிறகு நான் எழுதப்போவது பெரும்பாலும் திட்டுத்தான்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு நர்சரி, பிரைமரிப் பள்ளியில் யு.கே.ஜி. வகுப்புக்கு அவர் டீச்சர், நான் ஆயா. ஆயா என்றதும் நரைத்த தலையை நினைக்க வேண்டாம். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. பிளஸ் டூ பாஸ். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஆனாலும் அவர் மிஸ், நான் ஆயாம்மா. கூப்பிடுகிற பெயரைப் பற்றி எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. என் சண்டை வேறு. நான் செய்த எந்த வேலையையும் அவர் அப்படியே விட்டதில்லை. திரும்பச் செய்வார்.

முதல் நாள் வகுப்பைக் கூட்டி, பாய்களை விரித்து, முப்பத்திரண்டு பென்சில்களையும் சீவி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். எட்டரை மணிக்கு உள்ளே வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. கைப்பையை மேசையில் வைத்தார். மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்தார். நான் கூட்டிய இடத்தையே கூட்ட ஆரம்பித்தார்.

"மிஸ், நான் கூட்டிட்டேன் மிஸ்."

"பரவால்லங்க. இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

கூட்டி முடித்ததும் பாய்களை உதறித் திரும்ப விரித்தார். அப்புறம் உட்கார்ந்து பென்சில்களைச் சீவினார். முப்பத்திரண்டையும். நான் கூர்மையாகத்தான் சீவியிருந்தேன். அவர் சீவி முடித்தபோது அதே கூர்மைதான் இருந்தது. பென்சில்தான் கொஞ்சம் குட்டையாகியிருந்தது.

புது ஆள் என்பதால் சந்தேகப்படுகிறார், பத்து நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பத்து நாள் போனது, ஒரு மாதம் போனது, ஒரு வருடமும் போனது. அவர் மாறவில்லை. பிள்ளைகளுக்கு நான் ஷூ லேஸ் கட்டிவிட்டால், அவர் குனிந்து அதை அவிழ்த்துக் கட்டுவார். ரெண்டும் ஒரே முடிச்சு. நான் பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்திருக்கிறேன். ஒரே முடிச்சேதான். நான் கரும்பலகையைத் துடைத்தால் அவர் துடைப்பார். நான் தண்ணீர்ப் பாட்டில்களை வரிசையாக அடுக்கினால் அவர் எல்லாவற்றையும் எடுத்து அதே வரிசையில் அடுக்குவார். நான் பிள்ளைகளை எண்ணி, "முப்பத்திரண்டு மிஸ்" என்றால் தலையை ஆட்டிவிட்டு அவரும் எண்ணுவார். உதடு அசைவது தெரியும்.

கத்தினால் திருப்பிக் கத்தலாம். அவர் கத்தவே மாட்டார். "இப்படியா செய்யறது?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் வேலையில் குறை இருந்தால்தானே அதைச் சொல்ல முடியும்? குறை இல்லை. அது அவருக்கும் தெரியும். குறை இல்லாத வேலையை ஒருவர் உங்கள் கண் முன்னால் திரும்பச் செய்துபார்க்கட்டும், அப்போது தெரியும் எப்படி எரியும் என்று.

முதல் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். "நான் பண்ணிட்டேன் மிஸ்", "இப்பதான் துடைச்சேன் மிஸ்", "அதையும் பாத்துட்டேன் மிஸ்". எல்லாவற்றுக்கும் "பரவால்லங்க, இருக்கட்டும்". என்ன பரவாயில்லை? யாருக்குப் பரவாயில்லை? அதற்குப் பிறகு அவரிடம் சொல்வதை விட்டுவிட்டேன். வேலையைச் செய்வேன், தள்ளி நிற்பேன். அவர் செய்வார்.

அவரிடம் சொல்லாததை மற்ற எல்லாரிடமும் சொன்னேன். வாட்ச்மேன் அண்ணன் கேட்டில் உட்கார்ந்துகொண்டு, "என்ன ஆயாம்மா, இன்னிக்கு ரிகர்சல் முடிஞ்சுதா?" என்பார். நான் செய்வது ரிகர்சலாம், மிஸ் செய்வதுதான் நாடகமாம். எல்.கே.ஜி. ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வீட்டில் புலம்பினால் என் வீட்டுக்காரர், "சும்மா நிக்கறதுக்குச் சம்பளம் தர்றாங்க. அதுக்குப் போய் மூக்கால அழறியே" என்பார். சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மனுஷனுக்கு எப்படிப் புரியும்?

மாறுவேடப் போட்டி நடந்த ஒரு நாளைச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் மாறுவேடப் போட்டி என்றால் குறைந்தது ஐந்து ஆண்டாள் வருவார்கள். எங்கள் வகுப்பில் ஒரு குட்டிப்பெண் ஆண்டாள். எனக்குத் தலை அலங்காரம் நன்றாக வரும். திருவானைக்காவலில் எங்கள் தெருக் கல்யாணங்களுக்குக் கூப்பிடுவார்கள். சரிந்த கொண்டை, அதைச் சுற்றிப் பூ, எல்லாம் கச்சிதமாகக் கட்டிவிட்டேன். அந்தப் பிள்ளை கண்ணாடியில் பார்த்துத் தன்னையே கும்பிட்டது. மிஸ் வந்தார். "ரொம்ப நல்லா இருக்கே" என்றார். சொல்லிக்கொண்டே ஊசியை உருவினார். கொண்டை தொங்கியது. அவர் திரும்பக் கட்ட ஆரம்பித்தார். பாதியில் மைக்கில் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு தடவை, ரெண்டு தடவை. பிள்ளை பயந்துபோய் எழுந்து ஓடிவிட்டது. மேடையில் ஒரு பக்கம் கொண்டை, இன்னொரு பக்கம் காதுவரை பூ. சபையே சிரித்தது. அது மேடையிலேயே அழுதது.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் கையில் ரெண்டு ஊசியோடு நின்றார். முகம் வெளுத்திருந்தது. "இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்திருந்தா முடிச்சிருப்பேன்" என்றார். முடிந்துதான் இருந்தது மிஸ் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

இன்னொரு நாள் ஒரு பையன் கால்சட்டையிலேயே போய்விட்டான். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு வெட்கம் இல்லை என்று நினைப்பவர்கள் பிள்ளைகளைப் பார்த்ததில்லை. நான் அவனைச் சத்தமில்லாமல் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய், கழுவி, மாற்று உடை போட்டு, கதை சொல்லிச் சிரிக்கவைத்துக் கூட்டிவந்தேன். மிஸ் அவன் கையைப் பிடித்துத் திரும்பப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போனார். "ஆயாம்மா கழுவிட்டாங்க மிஸ்! கழுவிட்டாங்க மிஸ்!" என்று வராண்டா முழுக்கக் கத்திக்கொண்டே போனான். மற்ற வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் உண்மையான கோபம் வந்தது. அதுவரை இருந்ததெல்லாம் எரிச்சல்.

ஒரு சனிக்கிழமை பிரின்சிபால் மேடம் ஒரு கூட்டம் வைத்தார். டீச்சரும் ஆயாவும் சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வெளியூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். திரையில் படம் போட்டார். டீச்சர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஆயாக்கள் நாங்கள் பின்னால் நின்றோம். நடுவில் எங்களைக் கூப்பிட்டு எல்லாருக்கும் டீ கொடுக்கச் சொன்னார்கள். எங்களைப் பற்றிய கூட்டத்தில் எங்களுக்கு அதுதான் வேலை. நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போன நேரத்தில்தான் அந்த அம்மா "மரியாதை" என்ற பக்கத்தைப் போட்டாராம். எல்.கே.ஜி. ஆயா சொன்னாள்.

கடைசியில் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். கூட வேலை செய்பவரிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன, ஒரே ஒரு விஷயம் எழுதுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். மிஸ் எழுதி என்னிடம் நீட்டினார். "எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. நன்றாகச் செய்கிறார்" என்று இருந்தது. அதைப் படித்ததும் நான் எழுதியிருந்ததைக் கசக்கிவிட்டு, "நன்றி மிஸ்" என்று வேறொரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ரெண்டு பேரும் பொய் எழுதினோம். இல்லை, அவர் எழுதியது பொய்யில்லை. அவருக்கு என்னிடம் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. அதுதானே என் பிரச்சினையே.

இவ்வளவு திட்டினாலும் நியாயமானதையும் சொல்ல வேண்டும். பள்ளியில் அவரைவிட உழைத்த டீச்சர் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கடைசிப் பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை தன் டப்பாவைத் திறக்க மாட்டார். ஒரு பிள்ளை அவர் பட்டுப்புடவையில் வாந்தி எடுத்தபோது, "அச்சச்சோ, வயிறு வலிக்குதா கண்ணு?" என்றுதான் கேட்டார், புடவையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பற்றி ஒரு நாளும் ஆபீஸில் போட்டுக்கொடுத்ததில்லை. மற்ற மிஸ்கள் தங்கள் ஆயாக்களை வீட்டுக்குக் காய்கறி வாங்கி வரக்கூட அனுப்புவார்கள். இவர் என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

ஏன் இப்படி என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஏதோ நடந்துவிட்டது என்றாள் ஒருத்தி. அவங்க வீட்டிலேயே அப்படித்தான், மாமியார் கழுவின பாத்திரத்தைக்கூட இவங்க திரும்பக் கழுவுவாங்க என்றாள் இன்னொருத்தி. எனக்குத் தெரியாது. எனக்குக் காரணமும் வேண்டாம்.

ரெண்டாவது வருடம் எங்கள் வகுப்பில் ஒரு பெண் குழந்தை சேர்ந்தது. அதிகம் பேசாது. எது கேட்டாலும் தலையை இடமும் வலமுமாக ஆட்டும். சாப்பிட்டியா, ஆட்டும். தூக்கம் வருதா, ஆட்டும். அதற்கு அவ்வப்போது வலிப்பு வரும். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மருந்து ஊற்ற வேண்டும். அதன் அம்மா பெரிய கடை வீதியில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தாள். காலையில் அவசரமாக வருவாள். மிஸ் வருவதற்கு முன்னாலேயே வந்துவிடுவாள் என்பதால் மருந்துப் பாட்டிலையும் அளவு மூடியையும் என் கையில்தான் கொடுப்பாள். "அக்கா, மறந்துடாதீங்கக்கா" என்பாள். அதோடு குழந்தையின் டைரியிலும் "மதியம் மருந்து" என்று எழுதி வைப்பாள். டைரியைப் படிப்பது மிஸ்.

ஆக ஒரே மருந்து ரெண்டு பேருக்கும் சொல்லப்பட்டது. யார் கொடுப்பது என்று நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை. நான் பாட்டிலை அலமாரியில் வைப்பேன். சாப்பாடு முடிந்ததும் அவர் எடுத்து ஊற்றுவார். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதுவாக அப்படி அமைந்துவிட்டது.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் மிஸ்ஸை ஆபீஸில் கூப்பிட்டார்கள். யாரோ பெற்றோர் வந்திருந்தார்கள். கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை. குழந்தை சாப்பிட்டு முடித்துவிட்டது. நேரம் தப்பக் கூடாதே என்று நான் மருந்தை அளந்து ஊற்றினேன். வாயைத் துடைத்துவிட்டேன். பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு, பிள்ளைகளின் தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போனேன். குழாயடி எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு நேராக இருக்கிறது.

தட்டு கழுவிக்கொண்டே நிமிர்ந்தேன். மிஸ் வகுப்புக்குள் வந்திருந்தார். டைரியைப் பார்த்தார். அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தார். குழந்தையிடம் குனிந்து ஏதோ கேட்டார். அது தலையை ஆட்டியது. அவர் மூடியைத் திறந்தார். அப்போது ஜன்னல் பக்கம் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏன் திருப்பினேன்? அன்று காலையில் நான் ஒட்டிய முப்பத்திரண்டு காகிதப் பூக்களையும் பிய்த்து அவர் திரும்ப ஒட்டியிருந்தார். அந்தக் கோபம் அப்படியே இருந்தது. இதையும் திரும்பச் செய்யட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். பாய், பென்சில், பூ, அந்த வரிசையில் அதுவும் ஒன்று என்று என் மண்டைக்குள் ஓடியது. அது மருந்து என்று உறைக்க நாலைந்து தட்டு ஆனது. உறைத்ததும் ஈரக்கையோடு உள்ளே ஓடினேன். ஊற்றி முடித்திருந்தார். குழந்தை பொம்மையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நன்றாகத்தான் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தட்டுகளை அடுக்கினேன்.

மதியத் தூக்கம் முடிந்து எல்லாப் பிள்ளைகளும் எழுந்தார்கள். அது எழவில்லை. நான் தட்டினேன். மிஸ் தட்டினார். முகத்தில் தண்ணீர் தெளித்தோம். கண்ணைப் பாதி திறந்து திரும்ப மூடிக்கொண்டது. மிஸ் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். வாட்ச்மேன் அண்ணன் ஆட்டோ பிடித்தார்.

தில்லைநகர் ஆஸ்பத்திரிக்குப் போகக் காவிரிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்தில் ஒரே நெரிசல். மிஸ் மடியில் குழந்தை. நான் கையை நீட்டினேன்.

"கொடுங்க மிஸ், நான் கொஞ்ச நேரம் வெச்சுக்கறேன்."

"இருக்கட்டும்ங்க."

பாலம் முழுக்க ஒன்றைச் சொல்லப் பார்த்தேன். நான் ஏற்கெனவே கொடுத்தேன் மிஸ். நாலு வார்த்தை. பாலம் முடிந்தது, வார்த்தை வரவில்லை.

டாக்டர் கேட்டார், "என்ன மருந்து? எவ்வளவு குடுத்தீங்க?"

"மதியம் ஒரு தடவை டாக்டர். மூடியில அளந்துதான் ஊத்தினேன்" என்றார் மிஸ்.

"ஒரு தடவைக்கு இவ்ளோ மயக்கம் வராதேம்மா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒரு தடவைதான் டாக்டர்."

அவர் நிஜத்தைத்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்த நிஜம் அவ்வளவுதான். மீதி என்னிடம் இருந்தது. குழந்தை நடுவில் கிடந்தது.

"ரெண்டு தடவை டாக்டர்" என்றேன். "நானும் குடுத்தேன். மிஸ்ஸுக்கு முன்னாடியே."

மிஸ் திரும்பி என்னைப் பார்த்தார். டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு ஏதேதோ சொன்னார். எங்களை வெளியே நிற்கச் சொன்னார். சாயங்காலம் குழந்தை விழித்து பிஸ்கட் கேட்டது. மறுநாள் காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்தைக் காலையும் இரவும் மட்டும் என்று டாக்டர் மாற்றிவிட்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கை ஈரமாகிறது.

மறுநாள் பிரின்சிபால் அறையில் விசாரணை. குழந்தையின் அம்மா அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்னால் மிஸ் பேசினார்.

"நான்தான் மேடம் ரெண்டு தடவை குடுத்துட்டேன். ஒரு தடவை குடுத்ததை மறந்துட்டு இன்னொரு தடவை ஊத்திட்டேன். ஆயாம்மா குடுக்கவே இல்லை. என்னைக் காப்பாத்தறதுக்காக டாக்டர்கிட்ட அப்படிச் சொல்லிட்டாங்க. அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

பிரின்சிபால் மேடம் என்னைப் பார்த்தார். "அப்படியா ஆயாம்மா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? தரையைப் பார்த்தேன். வேலை போய்விடும் என்ற பயம். ரெண்டு பெண் பிள்ளைகள் வீட்டில் படிக்கிறார்கள். அதைச் சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மிஸ்ஸை அந்த வாரமே ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அலமாரிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "வரேங்க" என்றார். அவ்வளவுதான்.

அவர் எனக்கு நல்லது செய்தார் என்று எல்லாரும் சொல்வீர்கள். யார் கேட்டார்கள்? நான் அளந்து, நேரத்துக்கு, சரியாகக் கொடுத்த ஒரே ஒரு மருந்து. அதையும் நான் கொடுக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டார். என் வேலையும் அவருடையது, என் தப்பும் அவருடையது. எனக்கென்று அந்த வகுப்பில் ஒரு தப்புகூட மிஞ்சவில்லை.

அதைவிட மோசம் குழந்தையின் அம்மா. தினமும் காலையில் கேட்டில் என் கையைப் பிடித்துக்கொள்வாள். "அந்த மிஸ்ஸுக்காகப் பழியை உங்க தலையில போட்டுக்கப் பாத்தீங்களே அக்கா. உங்க மனசு யாருக்கு வரும்? உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்." நான் தலையை ஆட்டுவேன். அந்தக் குழந்தை ஆட்டுவதைப் போலவே.

ஆறேழு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். அதே சிரிப்பு. இப்போது கைலாசபுரம் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறாராம்.

"அங்க ஆயா இருக்காங்களா மிஸ்?"

"இருக்காங்களே."

"பாவம்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இவ்வளவு நாள் அடக்கியதெல்லாம் ஒரேயடியாக வந்துவிட்டது.

"எதுக்கு மிஸ் அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க? நான் குடுக்கலைன்னு?"

"உங்களுக்கு வேலை போயிடுமேன்னுதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் யோசித்தார். "கேக்கணும்னு தோணலைங்க" என்றார். ஒளிக்காமல் சொன்னார். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அப்போதுதான் யாரிடமும் சொல்லாததை, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன்.

"நீங்க மருந்து ஊத்தும்போது நான் பாத்தேன் மிஸ். குழாயடியில நின்னு பாத்தேன். தெரிஞ்சும் சொல்லலை."

அவர் அதிர்வார் என்று நினைத்தேன். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

"தெரியும்ங்க" என்றார். "நான்தான் உங்களைத் திரும்பிப் பாத்தேனே. குழந்தை சும்மா தலையை ஆட்டுது, அது குடிச்சுதா இல்லையான்னு புரியலை. நீங்க நின்னீங்க. நீங்க குடுத்திருந்தா சொல்லுவீங்கன்னு நினைச்சேன். நீங்க ஒண்ணும் சொல்லலை. சரி, குடுக்கலை போலன்னு ஊத்திட்டேன்."

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரெண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை அவர் என்னை நம்பியிருக்கிறார். அது அந்தத் தடவை.

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்ல மிஸ்?" என்றேன்.

"கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு, "நீங்களும் சொல்லியிருக்கலாம்" என்றார். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. பாய் கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார்.

பஸ் வந்தது. ரெண்டு பேருக்கும் அதே பஸ்தான். ஒரே சீட்டில்தான் இடம் கிடைத்தது. பாலத்தின் நடுவில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் குழந்தை எப்படிங்க இருக்கு?"

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. அது இப்போது எங்கள் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுகிறது. சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்கிறது. நாலு மாதமாக வலிப்பு வரவில்லை. நீளமாகத் தன் பெயரை எழுதி, அதன் கீழே அம்மாவின் பெயரையும் எழுதுகிறது. மிஸ் எங்கே, எப்போது வருவாங்க என்று முதல் ரெண்டு வாரம் என் முந்தானையைப் பிடித்து இழுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கேட்க வேண்டிய செய்தி அது. அவரிடம் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். அவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"நல்லா இருக்கு மிஸ்" என்றேன்.

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. திருவானைக்காவலில் இறங்கிவிட்டேன்.